உஷார்! முதுகுவலிக்குத் துளை போடச் சொல்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் லாரியும் புல்லட்டும், சுங்குவார்சத்திரத்தில் கைபேசியும் ஃபிரிட்ஜும். இவற்றைச் செய்யும் லைனில் ஷிப்ட் முழுக்க நின்று, குனிந்து, திரும்பி, தூக்குகிறவருக்கு முதுகு வலிப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆபத்து அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. வலி தாங்காமல் ஒருநாள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார். 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்' என்று ரிப்போர்ட் வருகிறது. "டிஸ்க் பிதுங்கியிருக்கு. சின்ன துளைதான், தையல்கூட ஒண்ணு ரெண்டுதான். காலைல வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம். இன்சூரன்ஸ்லயே முடிச்சிடலாம்" என்கிறார்கள். முப்பது வயதுகூட ஆகாத பிள்ளை தலையாட்டிவிடுகிறது.

தலையாட்டாதீர்கள்! முதலில் இதைக் கேளுங்கள். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளிவந்தது. எந்த வலியும் இல்லாத இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், முப்பது வயதில் 40 சதவீதம் பேருக்கும், நாற்பதில் பாதிப் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் பல்ஜ்தான் உங்கள் வலிக்குக் காரணம் என்று ஸ்கேன் மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தொட்டுப் பார்த்து, காலைத் தூக்கிப் பார்த்து, எங்கே மரத்துப்போகிறது என்று கேட்டுச் சோதிக்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனே மோசடி என்று சொல்லவில்லை. தசையை வெட்டாமல் விலக்கி, குழாய் வழியாக டிஸ்க் துண்டை எடுக்கும் முறையை அமெரிக்காவில் கெவின் ஃபோலியும் மாரிஸ் ஸ்மித்தும் 1997-ல் வெளியிட்டார்கள். இன்று ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளையில் எண்டோஸ்கோப் நுழைகிறது. பிதுங்கிய டிஸ்க் நரம்பை நசுக்கி, வலி இடுப்பிலிருந்து கால்வரை மின்சாரம்போல இறங்கி, சில வாரங்கள் மாத்திரையும் பிசியோதெரபியும் பார்த்தும் குறையாமல், ஸ்கேனில் தெரியும் இடமும் வலிக்கும் காலும் பொருந்தினால் இந்த ஆபரேஷன் உண்மையிலேயே நிம்மதி தரும். அப்படிப் பிதுங்கிய டிஸ்க்குகளில் கணிசமானவை சில மாதங்களில் தாமாகவே சுருங்கிவிடுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்கிற டாக்டர்தான் நல்ல டாக்டர்.

காலுக்கு இறங்காத, இடுப்போடு நிற்கும் நாள்பட்ட வலிதான் லைனில் பெரும்பாலானோருக்கு. வியாபாரம் நடப்பதும் இங்கேதான். ஊசியால் நரம்பைச் சூடாக்கிச் செயலிழக்கச் செய்யும் ரேடியோ அலைவரிசைச் சிகிச்சை, முதுகுத்தண்டில் ஸ்டீராய்டு ஊசி, லேசர், ஓசோன் என்று பட்டியல் நீளும். நெதர்லாந்தில் 681 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட ரேடியோ அலைவரிசையும் சேர்த்துப் பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான கூடுதல் பலன் இல்லை. 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட முதுகுத்தண்டு வலிக்கு இந்த ரேடியோ அலைவரிசையும் ஊசிகளும் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது. வலிநிவாரண நிபுணர்களின் அமைப்புகள் அதை எதிர்த்தன, சர்ச்சை ஓயவில்லை. நிபுணர்களே இப்படிப் பிரிந்து நிற்கும்போது, 'நூறு சதவீதம் குணம்' என்று ஒருவர் சொன்னால் பயப்படுங்கள். ஓசோனைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விதி, அது நச்சு வாயு, பயனுள்ள மருத்துவ உபயோகம் எதுவும் அறியப்படவில்லை என்கிறது.

கருவியின் சுத்தத்தையும் விட்டுவிடாதீர்கள். வயிற்றில் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு, ஸ்கோப்பைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாததால் துளை போட்ட இடத்தில் மாதக்கணக்கில் ஆறாத புண் வந்த கதைகள் இந்திய மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியிருக்கின்றன. முதுகுத்தண்டில் அந்தக் கிருமி போனால் என்ன ஆகும்? ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய கருவியை மறுபடி பயன்படுத்துகிறார்களா, ஸ்கோப்பை எப்படிக் கிருமிநீக்கம் செய்கிறார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதுகெலும்பில் ஸ்க்ரூ வைத்தால், தயாரிப்பாளர் பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டச் சொல்லுங்கள். மருத்துவக் கருவிகளுக்கென மத்திய அரசு 2021-ல் நான்கு மாநிலங்களில் ஒப்புதல் தந்த தொழிற்பூங்காக்களில் ஒன்று நம் ஒரகடத்துக்குத்தான் வந்தது. கருவி செய்யப்போகிற மண்ணில் இருப்பவர்களுக்கு இதைக் கேட்கத் தெரியாமல் இருக்கக் கூடாது.

ஓய்வெடுத்தால் சம்பளம் போகுமே என்ற பயம்தான் பலரை அவசரமாக ஆபரேஷன் மேஜைக்குத் தள்ளுகிறது. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவரா நீங்கள்? சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், டாக்டர் சான்றிதழின் பேரில் ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பலனாகக் கிடைக்கும். முதலில் அதைப் பயன்படுத்திப் பிசியோதெரபியை ஒழுங்காக முடியுங்கள். அப்புறமும் ஆபரேஷன் என்றால், அதைச் செய்யப்போகிறவர் அல்லாத இன்னொரு எலும்பு அல்லது நரம்பியல் அறுவை நிபுணரிடம், அரசு மருத்துவக் கல்லூரியாக இருந்தால் இன்னும் நல்லது, ஸ்கேனோடு போய்க் காட்டுங்கள். வேலை இடத்தின் உயரமும் தூக்கும் எடையும் மாறாமல் அதே ஸ்டேஷனுக்குத் திரும்பினால் வலியும் திரும்பும். சூப்பர்வைசரிடம் மாற்றம் கேட்பது சலுகை கேட்பதல்ல.

ஒரே ஒரு நிலையில் மட்டும் பொறுக்கவே கூடாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, சீட்டில் உட்காரும்போது படும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ, அது நரம்போ நரம்புக் கொத்தோ கடுமையாக நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அங்கே ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. ஷிப்ட் முடியட்டும் என்று நிற்காதீர்கள். 108-ஐ அழைத்து, நரம்பியல் அறுவைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு அன்றைக்கே போய்ச் சேருங்கள்.