வயதை முந்தும் மீசை

ஒரு பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் அந்தச் செய்தி அன்று மாலைக்குள் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விடுகிறது. அந்தச் சடங்குகள் இன்றைக்குத் தேவையா என்பது வேறு விவாதம். ஆனால், அவளுடைய உடல் மாற்றத்தைக் கவனிக்க வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள். அது வயதுக்கு மீறி நடந்தால் ‘இவ்வளவு சீக்கிரமாகவா?’ என்று கேட்கவும் ஆள் இருக்கிறது. பையனுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. ஆறேழு வயதில் தானாகவே குளித்து உடுத்திக்கொள்ளப் பழகிய பிறகு அவன் உடலை வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. வகுப்பிலேயே உயரமானவன் என்பது பெற்றோருக்குப் பெருமையாகவும் இருக்கிறது. ஆண் பிள்ளையிடம் 9 வயது நிறைவதற்குள் பருவமாற்றம் தொடங்கினால் மருத்துவம் அதை முன்கூட்டிய பருவமடைதல் என்கிறது. பெண் பிள்ளைக்கு அந்த எல்லை 8. பெண்களிடம் இது அதிகம். மூளைவழி தொடங்கும் வகையில் அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் என்று சொல்ல எதுவும் கிடைப்பதில்லை. ஆண் பிள்ளைகளிடம் இது பல மடங்கு அரிது. ஆனால் வரும்போது பின்னால் ஒரு காரணம் ஒளிந்திருக்கும் வாய்ப்பு அவர்களிடம்தான் கூடுதல். அதனால்தான் பையனுக்கு வரும் முதல் அடையாளத்தையே பொருட்படுத்த வேண்டும் என்கிறேன்.

அந்த முதல் அடையாளம் மீசை அல்ல. பிரிட்டனில் மார்ஷலும் டேனரும் ஆண் பிள்ளைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து கவனித்து 1970-ல் வெளியிட்ட ஆய்வு, பருவ மாற்றங்களின் வரிசையை ஒழுங்குபடுத்தித் தந்தது. பெரும்பாலான பையன்களிடம் முதலில் பெரிதாவது விதைகள். அதையடுத்து அந்தரங்க முடியும் ஆணுறுப்பின் வளர்ச்சியும் வருகின்றன. உயரம் வேகமெடுப்பது அதற்கும் பிறகு. குரல் உடைவதும் அரும்பு மீசை கறுப்பதும் ஏறக்குறைய கடைசிக் கட்டம். ஆகவே, 8 வயதுப் பையனின் மேலுதட்டைப் பார்த்துத்தான் வீட்டார் சந்தேகப்படுகிறார்கள் என்றால், மாற்றம் தொடங்கிப் பல மாதங்கள், சில வேளை ஓரிரு ஆண்டுகள்கூட, கடந்திருக்கும். வியர்வையில் பெரியவர்களின் வாடை, முகப்பரு, திடீர்க் கோபம் ஆகியவற்றையும் வெயில், எண்ணெய்ப் பலகாரம், செல்போன் என்று ஏதாவது ஒன்றின் மேல் போட்டுவிடுவது எளிது.

விதைகளின் அளவை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் ஆந்திரேயா பிராடர் வடிவமைத்த, 1 முதல் 25 மில்லிலிட்டர் வரையிலான மணிகள் வரிசையாகக் கோத்த மாலை ஒன்றே போதும். மருத்துவர் ஒரு கையால் விதையைத் தொட்டு, மறு கையால் அதற்கு ஒத்த மணியைத் தேடுகிறார். 4 மில்லிலிட்டர், அதாவது நீளவாக்கில் 2.5 சென்டிமீட்டர், எட்டிவிட்டால் பருவமாற்றம் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த எளிய அளவீடு காரணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கிறது. இரண்டு விதைகளும் சமமாகப் பெருத்திருந்தால், கட்டளை பெரும்பாலும் மூளையின் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி வழியாக வருகிறது. முடியும் ஆணுறுப்பும் வளர்ந்திருக்க, விதைகள் மட்டும் சிறுபிள்ளைக்கு உரிய அளவிலேயே இருந்தால், ஆண் ஹார்மோன் வேறெங்கிருந்தோ வருகிறது. அட்ரீனல் சுரப்பியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பெருத்திருந்தால் அந்த விதையிலேயே கட்டி இருக்கலாம். முடியும் ஆணுறுப்பும் நன்கு வளர்ந்தும் விதைகள் அதற்கேற்ப இல்லாமல் ஓரளவே பெருத்திருந்தால், கல்லீரலிலோ மூளையிலோ இருந்துகொண்டு எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரக்கும் கட்டியையும் நினைக்க வேண்டும். விதைகள் பெருத்தும் உயரம் கூடாமல் தேங்கினால் தைராய்டு குறைபாடு. ஸ்கேனுக்குப் பணம் கட்டும் முன்பே, விரல்கள் இவ்வளவையும் பிரித்துச் சொல்லிவிடுகின்றன. இதைச் செய்யாமலே ‘ஹார்மோன் பேனல்’ எழுதிக் கொடுப்பது தலைகீழான வேலை.

அடுத்த சாட்சி உயரம். பருவத்துக்கு முந்திய வயதில் ஒரு பிள்ளை ஆண்டுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர்கிறது. 7 வயதில் ஒருவன் ஆண்டுக்கு 8, 9 சென்டிமீட்டர் வளர்ந்தால், அது பூஸ்டு குடித்த பலன் அல்ல. பாலியல் ஹார்மோன் எலும்பை நீட்டுகிறது. அதே ஹார்மோன் எலும்பு முனைகளில் உள்ள வளர்தட்டுகளை முன்கூட்டியே மூடவும் செய்கிறது. இன்று வகுப்பில் எல்லோரையும்விட உயரமாக நிற்கும் பையன் 13, 14 வயதில் வளர்ச்சி நின்று, நண்பர்களைவிடக் குட்டையான ஆணாக முடிகிறான். இடது கை மணிக்கட்டை ஒரு எக்ஸ்ரே எடுத்து, கிராய்லிக்–பைல் படத்தொகுப்புடன் ஒப்பிட்டால் எலும்பின் வயது தெரியும். 7 வயதுப் பையனுக்கு 11 வயது எலும்பு இருந்தால், நான்கு ஆண்டு வளர்ச்சியை அவன் முன்பணமாகச் செலவழித்துவிட்டான். அந்த எக்ஸ்ரேயில் கதிர்வீச்சு மிகமிகக் குறைவு. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

அட்ரீனல் காரணம் நம் ஊருக்கு நெருக்கமானது. பிறவியிலேயே ஒரு நொதி குறைந்து, அட்ரீனல் சுரப்பி ஆண் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கும் நோய் இது. பெண் குழந்தைக்கு இருந்தால் பிறப்புறுப்பின் மாற்றத்தால் பெரும்பாலும் பிறந்தவுடனே தெரிந்துவிடும். ஆண் குழந்தையிடம் அப்படி எதுவும் கண்ணில் படாது. கடுமையான வகை, உடலில் உப்புச்சத்தை இழக்கவைத்துப் பச்சிளம் பருவத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிறது. மிதமான வகை மூன்று முதல் ஏழு வயதுக்குள் முடியும் உயரமுமாக வெளிப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ 5,800 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. சென்னையில் மட்டும் அது ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவர். பிறந்தவுடன் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் கண்டுபிடிக்கக்கூடிய ஒன்றை, ஒரு பையனின் மேலுதடு காட்டிக்கொடுக்கும் வரை விட்டுவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாமே சீக்கிரம், இதற்கு ஏன் பதற்றம்?’ என்று ஒரு கேள்வி வரும். பொதுவான போக்கு உண்மைதான். ஆனால் அதன் அளவைப் பார்க்க வேண்டும். கோபன்ஹேகனில் 1990-களின் தொடக்கத்தையும் 2006–08 காலத்தையும் ஒப்பிட்ட ஆய்வில், ஆண் பிள்ளைகளின் பருவத் தொடக்கம் முன்னே வந்தது ஏறத்தாழ மூன்று மாதம். சராசரி வயது 11-க்கு மேலேதான் இருந்தது. ஊரெல்லாம் சில மாதம் முந்துவதை வைத்து, ஒருவன் மூன்று, நான்கு ஆண்டு முந்துவதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. பிராய்லர் கோழியின் மேல் பழி போடுவதும் இதே வகை. அந்தக் கோழி ஆறு வாரத்தில் பெருப்பது ஹார்மோனால் அல்ல, இனத்தேர்வாலும் தீவனத்தாலும். பையனுக்குக் கோழிக்கறியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் குடும்பம் இழப்பது காலத்தை. வெளியிலிருந்து வரும் ஹார்மோனுக்கு உறுதியான எடுத்துக்காட்டு வேறொன்று: பெரியவர்கள் தோலில் பூசும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல். அதைப் பூசியவரின் தோல் பட்டே குழந்தைகளுக்கு முடி வளர்ந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-ல் கடும் எச்சரிக்கை விடுத்தது.

இன்னொரு மறுப்புக்கு நியாயம் உண்டு. எல்லா முடியும் நோய் அல்ல. விதைகள் சிறிதாகவே இருக்க, சிறிது முடியும் வியர்வை வாடையும் மட்டும் வந்து, உயரமும் எலும்பு வயதும் அதிகம் முந்தாமல் இருந்தால், அட்ரீனல் சுரப்பி சற்று முன்னதாக விழித்துக்கொண்டது என்பதோடு பெரும்பாலும் விஷயம் முடிகிறது. மருந்து வேண்டாம், கவனித்தால் போதும். ஆனால் இது மற்றவற்றை விலக்கிய பிறகு சொல்ல வேண்டிய முடிவு. பிள்ளையின் கூச்சத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவதும் சரியல்ல. பெற்றோர் உடனிருக்க, எதற்காகப் பார்க்கிறோம் என்று அவனிடமே சொல்லி, அவன் சம்மதத்தோடு சில நொடிகளில் முடிக்கக்கூடிய பரிசோதனை அது. உருவத்தில் 12 வயதாகத் தெரிவதால், 7 வயது மனதிடம் 12 வயதின் பொறுப்பை எல்லோரும் எதிர்பார்ப்பதுதான் அவனுக்கு நாள்தோறும் நேரும் பெரிய சங்கடம்.

‘அவன் அப்பாவும் அப்படித்தான், சின்ன வயதிலேயே மீசை’ என்ற ஆறுதலைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். அது ஆறுதலே அல்ல, துப்பு. விதைகள் மூளையின் கட்டளையின்றித் தாமாகவே டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் ஒரு பரம்பரை நோய் ஆண்களிடம் மட்டுமே வெளிப்படுகிறது. அதன் மரபணு மாற்றம் 1993-ல் கண்டறியப்பட்டது. பருவத்தை முந்தவைப்பதாக 2013-ல் அடையாளம் கண்ட எம்.கே.ஆர்.என்.3 மரபணுவின் மாற்றமோ, தந்தை வழியாக வந்தால் மட்டுமே பிள்ளையிடம் வேலை செய்கிறது. அப்பாவும் குட்டையாக முடிந்தவர் என்றால், அந்தக் கதையை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

மூளைவழித் தொடக்கம் என்று உறுதியானால், பையனுக்கு மூளை எம்.ஆர்.ஐ. தவிர்க்கக் கூடாதது. காரணமின்றிச் சிரிப்பு வெடிக்கும் வலிப்பு, தலைவலி, பார்வைக் குறைவு இருந்தால் இன்னும் அவசரம். அங்கே தென்படும் ஹமார்டோமா என்ற சிறு திசுத்திரட்சி பரவாதது. பருவமாற்றத்துக்காக மட்டும் அதை அறுத்தெடுப்பதில்லை. லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின் போன்ற ஊசிகளை மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போட்டால், பிட்யூட்டரியின் கட்டளை ஓய்கிறது. உரிய வயதில் நிறுத்தினால் பருவம் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அட்ரீனல் நோய்க்கு இந்த ஊசி நேரடி மருந்தல்ல. தினமும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை வேண்டும், அதுவும் வாழ்நாள் முழுவதும். அந்தக் குடும்பத்தில் அடுத்து ஒரு குழந்தை வரவிருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு அதற்கும் இருக்கிறது. பிரசவத்துக்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் சொல்லிவைத்து, பிறந்த சில நாட்களிலேயே 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் அளவைப் பார்த்துவிட வேண்டும்.