ஸ்விஃப்ட் விலைக்கு பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் வருது... வாங்கலாமா?



நைட் ஷிஃப்ட் பிரேக்ல யூஸ்டு கார் ஆப்பைத் திறந்தா, புது ஸ்விஃப்ட் விலைக்கே ஒரு பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் நிற்கும். போட்டோல பளபளன்னு இருக்கும். "நம்ம சம்பளத்துக்கு இதோட இ.எம்.ஐ. கட்டிடலாமே"ன்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சுடும். காக்களூர் எஸ்டேட்ல வேலை பார்த்தாலும் சரி, கும்மிடிப்பூண்டி சிப்காட்ல பார்த்தாலும் சரி, இந்த ஆசை தப்பே இல்லை. ஆனா அந்தக் கணக்கு பாதிதான். மீதிப் பாதியை இன்னைக்கு முழுசா போட்டுப் பார்த்துடலாம்.

இந்த ஆசை நம்ம ஊருக்குப் புதுசு இல்லை

1998-ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி நம்ம திருவள்ளூர் ஃபேக்டரில மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்க ஆரம்பிச்சது. தாழ்வான உடம்பு, ஓட்டுறவங்களுக்காகவே செஞ்ச மாதிரி ஸ்டியரிங். அந்தக் காலத்து இளைஞர்களுக்கு அதுதான் கனவு செடான். 2006-ல அடுத்த தலைமுறையா சீடியா வந்தது. நாட்டோட ராலி பந்தயங்கள்ல எம்.ஆர்.எஃப். அணி ஓட்டினதும் அதைத்தான்.

இன்னைக்கு லான்சரும் இல்லை, சீடியாவும் இல்லை. அதே திருவள்ளூர்ல இப்போ சிட்ரோயன் கார்கள் தயாராகுது. ஆனா பழைய லான்சரை ஆசையா வெச்சிருக்கிறவங்க இன்னும் இருக்காங்க. அவங்களைக் கேட்டுப் பாருங்க. கார் வாங்கின கதையை ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டு, ஸ்பேர் தேடின கதையை அரை மணி நேரம் சொல்லுவாங்க.

இந்தக் கட்டுரையோட சாரமும் அதுதான்: பழைய சொகுசு காரோட விலை குறையும். அதை வெச்சிருக்கிற செலவு குறையாது.

60 லட்ச ரூபாய் காரை நீங்க 8 லட்சத்துக்கு வாங்கலாம். ஆனா கடைக்காரர் உங்களுக்காக 8 லட்சம் கார் விலையில ஸ்பேர் தர மாட்டார். ஹெட்லைட், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் எல்லாமே 60 லட்சம் காரோட விலையிலதான் வரும். 2007 மார்ச்லேர்ந்து இந்த கார் செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியிலதான் அசெம்பிள் ஆகுது. "நம்ம ஊர்லயே செய்றாங்களே, ஸ்பேர் மலிவா இருக்காதா?"ன்னு கேட்டா, இருக்காது. அசெம்பிளி இங்கே நடக்கிறதால புது காரோட இறக்குமதி வரிதான் குறையுது.

புதுசா வாங்கினா என்ன ஆகும்?

2012-ல எஃப்30 தலைமுறை 3 சீரிஸ் வந்தப்போ ஷோரூம் விலை ரூ.28.9 லட்சத்துல ஆரம்பிச்சது. 2019-ல ஜி20 வந்தப்போ ரூ.41.4 லட்சம். 2025 பிப்ரவரில வந்த 330எல்ஐ லாங் வீல்பேஸ் ரூ.62.6 லட்சம். அதே வருஷம் செப்டம்பர் 22-லேர்ந்து பெரிய கார்களுக்கு வரி 48%-லேர்ந்து (28% ஜி.எஸ்.டி. + 20% செஸ்) 40% ஆகக் குறைஞ்சது. கணக்குக்கு எளிமையா ஷோரூம் விலை ரூ.60 லட்சம்னு வெச்சுக்குவோம்.

- தமிழ்நாடு லைஃப் டாக்ஸ்: 2023 நவம்பர்லேர்ந்து ரூ.20 லட்சத்துக்கு மேல போற காருக்கு 20%. அதாவது ரூ.12 லட்சம்.
- டி.சி.எஸ்.: ரூ.10 லட்சத்துக்கு மேல போனா 1%. இங்கே ரூ.60,000. இது செலவு இல்லை, முன்கூட்டியே கட்டுற வருமான வரி. ஐ.டி.ஆர்.ல கழிச்சுக்கலாம். சம்பளக்காரங்க கம்பெனி பேரோல்ல தெரிவிச்சா, மாசா மாசம் பிடிக்கிற டி.டி.எஸ்.லேயே குறைச்சுக்கலாம்.
- இதுக்கு மேல இன்சூரன்ஸ்.

அந்த 12 லட்சத்தைக் கொஞ்சம் கவனிங்க. வரியா மட்டுமே ஒரு நல்ல காரோட விலை போகுது. நாளைக்கு நீங்க விற்கப் போனா, அதைத் தனியா யாரும் திருப்பித் தர மாட்டாங்க.

ரூ.50 லட்சம் லோன், 9% வட்டி, 7 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் ரூ.80,400. வட்டி மட்டும் 17.5 லட்சத்துக்கு மேல. டி.சி.எஸ். உங்க பான் நம்பர்ல பதிவாகும். வருஷத்துக்கு 9 லட்சம் வருமானம் காட்டுறவர் பேர்ல 60 லட்சம் கார் இருந்தா, "பணம் எங்கேர்ந்து வந்தது?"ன்னு கேள்வி வரலாம். பதிலுக்கான பேப்பர் உங்க கையில இருக்கணும்.

நம்ம வாசகர்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் புதுசு இப்போதைக்கு இல்லை. அப்போ பழசுக்கு வருவோம்.

எந்தத் தலைமுறை?

இ90 (இந்தியாவில் 2007 முதல் 2012 வரை): ஆப்ல ஸ்விஃப்ட் விலைக்கும் கீழே நிற்கிறது பெரும்பாலும் இதுதான். இந்தக் காலத்து 320டி-ல இருக்கிற என்47 டீசல் இன்ஜினோட டைமிங் செயின் பிரச்சினை உலகம் முழுக்கத் தெரிஞ்ச விஷயம். செயின் இன்ஜினோட பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமா இருக்கு. மாத்தணும்னா பெரிய பாகங்களையே கழட்டணும். செயின் அறுந்தா இன்ஜினே போச்சு. இன்னொன்னு, சொந்த உபயோகக் காரோட ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான். 2011-ல பதிவான காருக்கு 2026-ல முடியும். அப்புறம் எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். இவ்வளவு பழைய காருக்கு பேங்க் லோனும் சுலபமா கிடைக்காது. வீட்ல இன்னொரு வண்டி இருக்கிற, காரை நோண்டிப் பார்க்கிற ஆர்வம் இருக்கிறவங்களுக்கு மட்டும் இது சரி. ஒரே காரா இதை நம்பாதீங்க.

எஃப்30 (2012 முதல் 2019 வரை): யூஸ்டு மார்க்கெட்ல யோசிக்கத் தகுந்தது இதுதான். இதுலயும் 2016 தொடக்கத்துல வந்த ஃபேஸ்லிஃப்டுக்கு அப்புறம் உள்ளதைப் பாருங்க. அதுல பி47 டீசல் இன்ஜின், 190 குதிரைத்திறன். அதுக்கு முந்தின 184 குதிரைத்திறன் 320டி-ல இருக்கிறது அதே பழைய என்47. பெட்ரோல் 328ஐ-யா இருந்தா டைமிங் செயின் கைடு, ஆயில் லீக் ரெண்டையும் செக் பண்ணச் சொல்லுங்க. இந்தத் தலைமுறையோட 8 ஸ்பீடு கியர்பாக்ஸ் நல்லது. ஆனா "இதுக்கு ஆயிலே மாத்த வேண்டாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கியர்பாக்ஸ் செஞ்ச இசட்.எஃப். கம்பெனியே 80,000-லேர்ந்து 1,20,000 கி.மீ.க்குள்ள மாத்தச் சொல்லுது.

ஜி20 (2019-லேர்ந்து): 3, 4 வருஷம் ஓடினதை, வாரன்ட்டியோ சர்வீஸ் பேக்கேஜோ மிச்சம் இருக்கிறதா பார்த்து வாங்கினா நிம்மதி அதிகம். முதல் ஓனர்தான் பெரிய தேய்மானத்தைச் சுமந்திருப்பார். வாரன்ட்டி உங்க பேருக்கு மாறுமான்னு டீலர்கிட்ட எழுத்துல வாங்கிடுங்க. ஒரு எச்சரிக்கை: விற்கிறவர் தன்னோட பழைய இன்வாய்ஸைக் காட்டி "பாதி விலைக்குத் தர்றேன்"னு சொல்வார். வரி குறைஞ்ச பிறகு புது கார் என்ன விலைன்னு பார்த்து, அதோட ஒப்பிடுங்க.

பழைய கார்ல ஒளிஞ்சிருக்கிற வரி லாபம்

தமிழ்நாட்டிலேயே பதிவான பழைய காருக்கு லைஃப் டாக்ஸ் முதல் ஓனரே கட்டிட்டார். பேர் மாத்தும்போது நீங்க மறுபடி கட்ட வேண்டாம். ரெண்டு தனிநபர்களுக்கு நடுவுல விற்பனை நடந்தா ஜி.எஸ்.டி.யும் இல்லை. டீலர் விற்றா அவரோட லாபத்துக்கு மட்டும் 18%.

இதனாலதான் டெல்லி காரும் பி.ஒய். நம்பர் பிளேட் காரும் மலிவா தெரியுது. அதை இங்கே கொண்டு வந்து 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா, என்.ஓ.சி. வாங்கி மறுபதிவு செய்யணும். வண்டியோட வயசைப் பொறுத்து நம்ம மாநில லைஃப் டாக்ஸ் கட்டணும். விலையில மிச்சம் பிடிச்ச ரெண்டு லட்சம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயே கரைஞ்சுடும். டி.என். 20-ஓ வேற எந்த டி.என். நம்பரோ இருந்தா உங்களுக்கு லாபம்.

இப்போ மாசக் கணக்கு

ஒரு எஃப்30 ரூ.15 லட்சம்னு வெச்சுக்குவோம். கையிலேர்ந்து 5 லட்சம், லோன் 10 லட்சம். யூஸ்டு கார் லோனுக்கு வட்டி கூட. 13%, 4 வருஷம்னு போடுறேன்.

- இ.எம்.ஐ.: ரூ.26,800
- பெட்ரோல் (மாசம் 1,000 கி.மீ., லிட்டருக்கு 10 கி.மீ.): ரூ.10,000
- இன்சூரன்ஸ் (வருஷம் சுமார் 50,000, இதுல 1,500 சி.சி.க்கு மேல உள்ள காரோட தேர்ட் பார்ட்டி மட்டும் ரூ.7,897): ரூ.4,000
- சர்வீஸ், டயர், ரிப்பேர் நிதி: ரூ.15,000

மொத்தம்: ரூ.55,800.

அந்த 15,000 எப்படி வந்ததுன்னு கேட்பீங்க. இது நான் போடுற ஒரு தோராயக் கணக்கு. நீங்க வாங்கின விலையை விடுங்க. அதே மாடலோட இன்றைய புது விலையில 3%-ஐ வருஷச் செலவா எடுத்து வைங்க. 60 லட்சத்துல 3% ரூ.1.8 லட்சம், மாசத்துக்கு 15,000. சில வருஷம் பாதிகூட ஆகாது. ஒரு வருஷம் கியர்பாக்ஸோ டர்போவோ கைவைக்கும், அப்போ மொத்தமா கேட்கும்.

நம்ம ரோடையும் சேர்த்துக்கணும். கும்மிடிப்பூண்டி ஹைவேல கன்டெய்னர் லாரி ஓடி ஓடி விழுந்த பள்ளத்துல இந்த காரோட ரன்-ஃப்ளாட் டயர் அடிபட்டா, பஞ்சர் கடைக்காரர் கையை விரிப்பார். பெரும்பாலும் ஸ்டெப்னியும் இருக்காது. பேட்டரி மாத்தினாக்கூட காரோட கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணணும். நல்ல சர்வீஸ் வேணும்னா சென்னைக்குப் போகணும், நடுவழில நின்னா ஃப்ளாட்பெட்ல ஏத்தணும்.

காருக்கு ஆகுற மொத்தச் செலவு, கைக்கு வர்ற சம்பளத்துல கால் பங்கைத் தாண்டக் கூடாதுன்னு வெச்சுக்கோங்க. 55,800-க்கு மாசம் ரூ.2.23 லட்சம் கைக்கு வரணும். லோன் இல்லாம முழுப் பணமும் சேர்த்து வாங்கினா, செலவு ரூ.29,000. அதுக்கு ரூ.1.16 லட்சம் போதும். அதாவது, லோன்ல வாங்கத் தேவைப்படுற சம்பளத்துல பாதி இருந்தாலே, சேர்த்து வாங்குறவருக்கு இந்த கார் கட்டுப்படியாகுது.

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி

1. ஆர்.சி.ல எத்தனையாவது ஓனர், லோன் பதிவு இருக்கா, இ-சலான் பாக்கி இருக்கான்னு பாருங்க. லோன் இருந்தா பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் இல்லாம பணம் தராதீங்க.
2. சேசிஸ் நம்பரை வெச்சு ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டர்ல ஹிஸ்டரி கேளுங்க. இந்த கார் சாவிலயே ஓடின கி.மீ. பதிவாகும். அதை மீட்டரோட ஒப்பிடச் சொல்லுங்க.
3. 2015 வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், ரெண்டுலயும் மூழ்கின கார்கள் ஏராளம். சீட் பெல்ட்டை முழுசா இழுத்து, அடியில சேறு படிஞ்சிருக்கான்னு பாருங்க. டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்க, பேட்டரி அங்கதான் இருக்கு. இன்சூரன்ஸ் க்ளெய்ம் ஹிஸ்டரியும் கேளுங்க.
4. பணம் பேங்க் வழியா மட்டும். ரூ.2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கினவருக்கு அதே தொகை அபராதம்.
5. ஃபார்ம் 29, 30 கொடுத்து பேர் மாத்துங்க. இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த விண்ணப்பிங்க. பழைய ஓனரோட நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

ஆறு மாச ட்ரையல்

இவ்வளவு படிச்சும் ஆசை குறையலையா? நல்லது. கார் வாங்காமலே கார் ஓனரா ஆறு மாசம் இருந்து பாருங்க. மாசம் ரூ.55,800-ஐ சம்பளம் வந்த அன்னைக்கே ஆர்.டி.ல போடுங்க. வீட்டு வாடகை, அம்மா அப்பாவுக்கு அனுப்புற பணம், தங்கச்சி ஃபீஸ், தீபாவளிச் செலவு எதையும் தள்ளிப் போடாம, கிரெடிட் கார்டைத் தொடாம இதைக் கட்ட முடிஞ்சா, கையில ரூ.3.34 லட்சத்துக்கு மேல சேர்ந்திருக்கும். அதுவே உங்க முதல் ரெண்டு வருஷ ரிப்பேர் நிதியை விட அதிகம்னுகூட சொல்ல முடியாது, ஆனா கிட்டத்தட்ட அந்த அளவு. தைரியமா ஃபேஸ்லிஃப்ட் எஃப்30 தேடுங்க.

மூணாவது மாசமே திணறினா, கார் உங்களுக்கு வேண்டாம்னு அர்த்தமில்லை. இப்போ வேண்டாம்னு அர்த்தம். சேர்த்த பணம் பத்திரமா உங்ககிட்டயே இருக்கு. கார் வாங்கினதுக்கு அப்புறம் இதே திணறல் வந்திருந்தா, கைல இருக்கிறது வித்தாலும் லோன் அடையாத ஒரு பழைய காரா இருந்திருக்கும்.

நீங்க பார்த்து வெச்சிருக்கிற மாடல், வருஷம், கேட்கிற விலை மூணையும் கமெண்ட்ல போடுங்க. மாசக் கணக்கு எவ்வளவு வரும்னு அடுத்த வீடியோல போட்டுக் காட்டுறேன்.