மூளைதானே போச்சு?

லாஸ்பேட்டை விமான நிலையச் சாலைப் பக்கம் ஒரு டீக்கடை. பைக்கில் விழுந்த யாரோ ஒரு பையனைப் பற்றிப் பேச்சு. மூளைச்சாவு என்று சொல்லிவிட்டார்களாம், உறுப்பு கேட்கிறார்களாம். பெரியவர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். "மூளைதானே போச்சு? நெஞ்சு அடிச்சிக்கிட்டுத்தானே இருக்கு?"

நியாயமான கேள்வி. உடம்பு சுடுகிறது, மார்பு ஏறி இறங்குகிறது. அந்த நேரத்தில் பெற்றவளிடம் கையெழுத்துக் கேட்டால்? 'மூளைச்சாவு' என்ற சொல்லே குழப்புகிறது என்பேன். கை, கால்போல ஏதோ ஓர் உறுப்பு மட்டும் செத்ததாக அது ஒலிக்கிறது.

மூச்சுக்கு உத்தரவு போடுவது மூளைத்தண்டு. அது அழிந்தால் மார்பை ஏற்றி இறக்குவது வென்டிலேட்டர்தான். இதயம் அப்படியல்ல. அதன் துடிப்பு அதற்குள்ளேயே, சைனஸ் கணு என்ற சிறு திசுவில் பிறக்கிறது. ஆக்சிஜன் கிடைக்கும்வரை, மூளை இல்லாமலும் கொஞ்ச காலம் துடிக்கும். தண்டுவட அனிச்சையால் சில சமயம் கைகூட மேலே எழும். பார்த்த வீட்டார் அலறாமல் என்ன செய்வார்கள்?

அதனால்தான் சோதனைகள் கறாரானவை. கண்ணில் ஒளி பாய்ச்சுவார்கள், காதில் குளிர்ந்த நீர் விடுவார்கள். கடைசியாக மூச்சுச் சோதனை: வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறக் காத்திருப்பார்கள். அது ஏறினால் உயிருள்ள மூளைத்தண்டு சும்மா இருக்காது. ஒரே ஒரு மூச்சு வந்தாலும் மூளைச்சாவு இல்லை. நம் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். உறுப்பை எடுத்துப் பொருத்தும் குழுவினர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது.

இந்த நிலையை 1959-ல் முதலில் விவரித்தவர்கள் பாரிஸ் மருத்துவர்கள் மோலாரேயும் குலோனும். 'கோமாவைக் கடந்த நிலை' என்றார்கள். பிரான்சில் 1976 சட்டப்படி, உயிரோடிருந்தபோது மறுப்புச் சொல்லாதவர் சம்மதித்தவராகவே கொள்ளப்படுவார். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துப் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற நம் புதுச்சேரி 'சொல்தா' வீடுகளுக்குப் பாஸ்போர்ட் எதுவானாலும், இங்கே நடந்தால் இந்தியச் சட்டம்தான்: சொந்தம் கையெழுத்துப் போட வேண்டும். முடிவின் பாரம் முழுக்க வீட்டார் தலையில்.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து அசோகன், புஷ்பாஞ்சலி தம்பதிக்கு அந்தப் பாரம் வந்தது. விபத்தில் சிக்கிய மகன் ஹிதேந்திரனுக்கு வயது 15. இருவருமே டாக்டர்கள், மானிட்டரில் ஓடும் கோடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெரியும். தெரிந்ததால் வலி குறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சம்மதித்தார்கள். வெளியே எடுத்த இதயம் நான்கைந்து மணி நேரம்தான் தாங்கும் என்பதால் போலீஸ் சாலையை ஒதுக்கிக் கொடுக்க, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. 9 வயதுச் சிறுமிக்குப் பொருத்தினார்கள்.

டீக்கடைப் பெரியவருக்கான பதில் இப்படிப்பட்ட இதயத்தில்தான் இருக்கிறது. பொருத்தும்போது ரத்தக் குழாய்களைத் தைப்பார்கள். நரம்புகளை இணைக்க முடியாது. புது உடம்பின் மூளையோடு நரம்புத் தொடர்பே இல்லாமல்தான் அது துடிக்கத் தொடங்குகிறது, இயல்பைவிடச் சற்று வேகமாக. அந்த இதயத்தோடு ஓடிப் பார்த்தால் துடிப்பு உடனே கூடாது. ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகுதான், சில நிமிடம் தாமதித்து, மெல்ல வேகமெடுக்கும்.