ஹான்ஃபோர்டு சொல்லும் எச்சரிக்கை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கிறது ஹான்ஃபோர்டு அணு வளாகம். நாகசாகி மீது வீசிய குண்டுக்கான புளூட்டோனியம் இங்கேதான் தயாரானது. 1943-இல் கட்டத் தொடங்கிய இந்த வளாகத்தின் கடைசி உலை 1987-இல் நின்றது. 1989-இல் தொடங்கிய துப்புரவு மட்டும் இன்னும் முடியவில்லை.

ஏன் இத்தனை தாமதம்?

மண்ணுக்கடியில் 177 தொட்டிகள். அவற்றில் சுமார் 21 கோடி லிட்டர் கதிரியக்கக் கழிவு. 149 தொட்டிகள் ஒற்றைச் சுவர் கொண்டவை, பல கசிந்துவிட்டன. திரவம், சேறு, இறுகிய உப்பு எனத் தொட்டிக்குத் தொட்டி கலவை மாறுகிறது. ஆள் இறங்க முடியாது; தொலைவிலிருந்து கருவிகளை இயக்கித்தான் கழிவை எடுக்கிறார்கள். அதைக் கண்ணாடியோடு உருக்கி உறையவைக்கும் ஆலையை 2002-இல் கட்டத் தொடங்கினார்கள். வீரியம் குறைந்த கழிவு அங்கே கண்ணாடியாக மாறத் தொடங்கியதே 2025-இல்தான். வீரியம் மிக்க கழிவை நிரந்தரமாகப் புதைக்க அந்த நாட்டில் இன்றுவரை இடமில்லை.

உடலுக்கு என்ன ஆபத்து?

உலைகள் ஓடிய காலத்தில் காற்றில் கலந்த அயோடின்-131 புல்லில் படிந்து, பசும்பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டு சுரப்பியை அடைந்தது. ஸ்ட்ரான்சியம்-90 எலும்பில் தங்கும். அதன் வீரியம் பாதியாகவே சுமார் 29 ஆண்டுகள் ஆகும். புளூட்டோனியம்-239-க்கு சுமார் 24,000 ஆண்டுகள். தொட்டிகளின் இரசாயன ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களும் நோயுற்றிருக்கிறார்கள்.

மக்களுக்குக் கிடைத்த உரிமைகள்

பொதுமக்கள் விடாமல் கேட்டதால்தான் 1986-இல் சுமார் 19,000 பக்க ஆவணங்கள் வெளிவந்தன. காற்றில் எவ்வளவு கதிரியக்கம் விடப்பட்டது என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. 1989-இல் எரிசக்தித் துறை, மத்திய சுற்றுச்சூழல் முகமை, மாநில அரசு ஆகிய மூன்றும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒவ்வொரு வேலைக்கும் கெடு வைக்கப்பட்டது. மக்களின் கருத்தைக் கேட்பதும் கட்டாயமானது. அணு ஆயுதத் தொழிலாளர்களின் புற்றுநோய்க்கு இழப்பீடு தரும் மத்தியச் சட்டம் 2000-இல் வந்தது.

நாம் கேட்க வேண்டியவை

அணு வளாகத்தில் வேலை செய்பவர்கள் தங்கள் கதிர்வீச்சு அளவுப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் நோய் வந்தால் அதுவே முதல் சான்று. அருகில் வசிப்பவர்கள் நிலத்தடி நீர், பால், மண் ஆகியவற்றின் சோதனை முடிவுகளை எழுத்தில் கேளுங்கள். கழிவு எங்கே போகும், துப்புரவுக்குப் பணம் யார் தருவார் என்ற கேள்விகளை உலை கட்டும் முன்பே எழுப்புங்கள். ஹான்ஃபோர்டில் அவை காலம் கடந்தே கேட்கப்பட்டன; அதன் விலையைப் பல தலைமுறைகள் கொடுக்கின்றன.