வள்ளுவரை வாசித்த பாதிரியார்

“நாம் வேதக்காரர்கள். நமக்கு எதற்கு மாமா வள்ளுவர்?” என்று அக்காள் மகன் கேட்டான். ஜொகூர் பாருவில் தமிழ்ப் பூசைக்குப் போகும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இது புதிய கேள்வி அல்ல.

உலகுக்கும் புதிதல்ல. 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் மிகாயில் செல்லோஸ் என்ற கிறிஸ்தவ அறிஞர் பிளேட்டோவை விரும்பிக் கற்பித்தார். அவருடைய நம்பிக்கையையே சிலர் சந்தேகித்தார்கள். அவர் மாணவர் யோவான் இத்தாலோஸை 1082இல் திருச்சபை கண்டித்தது.

நம்மிடையே இதற்கு நல்ல பதிலாக வாழ்ந்தவர் தனிநாயகம் அடிகளார். இலங்கையில் பிறந்த கத்தோலிக்கக் குரு. ரோமில் இறையியல் படித்த பிறகே தமிழ் இலக்கியத்தை ஆழமாகக் கற்றார். 1960களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றபோது, இந்தியச் சிந்தனையையும் ரோமானிய ஸ்டோயிக் தத்துவத்தையும் ஒப்பிட்டே தொடக்கவுரை ஆற்றினார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடக்க முன்னின்றார். கடைசிவரை குருவாகவே இருந்தார்.

அவரிடம் நான் கற்றது இது: வள்ளுவருக்கு ஞானஸ்நானம் கொடுத்துத்தான் வீட்டுக்குள் அழைக்க வேண்டும் என்பதில்லை. அவர் அவராகவே வரலாம். நம் விசுவாசம் அதனால் குறைந்துவிடாது.

ஓர் இரவு செபம் முடிந்ததும், மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவோடு ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்தையும் பிள்ளைகளோடு வாசித்துப் பாருங்கள். தீமை செய்தவருக்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டும் பேசுகின்றன. எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும்.