கினிப்பன்றியின் பல் முறிந்தால்

பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒரு சிறுமி மட்டைப் பெட்டியொன்றை எம்மிடம் நீட்டினாள். உள்ளே ஒரு கினிப்பன்றி. கூடு சரிந்து விழுந்ததில் அதன் மேல் முன்பல் ஒன்று பாதியில் முறிந்திருந்தது. "எங்கடை பாடே பெரும்பாடு, இதுக்கும் வைத்தியமோ சுவாமி?" என்றார் தாய். நியாயமான கேள்விதான். ஆனால் வீடும் வளவும் விட்டு வந்த பிள்ளைக்குத் தன்னுடையது என்று சொல்ல அந்தப் பெட்டிக்குள் இருந்தது மட்டுமே மிஞ்சியிருந்தது. மேலும், இதற்குப் பெரிய செலவு ஒன்றும் தேவைப்படுவதில்லை.

கினிப்பன்றிக்கு மொத்தம் 20 பற்கள். முன்னால் மேலே 2, கீழே 2. மற்றைய 16 கடைவாய்ப் பற்கள். எல்லாப் பற்களும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஒன்றோடொன்று உராய்ந்தும் புல்லை அரைத்தும் அவை தேய்வதாலேயே அளவாக நிற்கின்றன. ஆகவே முறிந்த முன்பல் வேர் பழுதாகாதவிடத்துப் பொதுவாக இரண்டு மூன்று வாரங்களில் மீண்டும் வளர்ந்துவிடும்.

ஆபத்து பல்லில் இல்லை, பட்டினியில் இருக்கிறது. இந்தப் பிராணியின் குடல் ஓயாமல் இயங்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் உண்ணாதிருந்தால் குடல் நின்று, பல் வளருமுன்னே உயிர் போய்விடலாம். முன்பல் இல்லாதது கடித்து நறுக்க முடியாமல் தவிக்கும்; ஆனால் நறுக்கிய உணவை வாய்க்குள் எடுத்தால் கடைவாயால் அரைக்கும். எனவே நாம்தான் அதன் முன்பல்லாக வேண்டும். கினிப்புல்லை விரல் நீளத்துக்கு வெட்டிப் போடுங்கள். கரட்டை நெருப்புக்குச்சி அளவில் மெல்லிதாகச் சீவுங்கள். தண்ணீரைத் தட்டையான பாத்திரத்தில் வையுங்கள்.

அதையும் தொடவில்லையா? முயல் தீனை நீரில் ஊறவைத்தோ, புல்லையும் முருங்கையிலையையும் அம்மியில் பட்டுப்போல் அரைத்தோ கூழாக்குங்கள். ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்குப் பின்னாலுள்ள இடைவெளியில், வாயின் பக்கவாட்டாகச் சில துளிகள் விடுங்கள். அது மென்று விழுங்கிய பின்னரே அடுத்தது. மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் கூழ் சுவாசப்பைக்குள் போய்விடும். நாளுக்கு ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள். புழுக்கை குறைகிறதா என்றும் கவனியுங்கள். நிறை இறங்கிக்கொண்டே போனால் தாமதிக்கக் கூடாது.

இரண்டு காரியங்களைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். நீண்டு நிற்கும் மற்றப் பல்லை நகவெட்டியால் வெட்டுவது ஒன்று. எம்மவர் கைத்துணிவு அறிந்தே இதைச் சொல்கிறோம். பல் நெடுக்காகப் பிளந்து வேர்வரை போய்ச் சீழ் வைத்துவிடும். கால்நடை வைத்தியர் அதைச் சுழலும் சிறு கருவியால் அராவிச் சமப்படுத்துவார். மற்றது, வீட்டில் மிஞ்சிய அமொக்சிலின் கொடுப்பது. பெனிசிலின் வகை மருந்துகள் கினிப்பன்றியின் குடலிலுள்ள நல்ல கிருமிகளைக் கொன்று, அதையும் கொன்றுவிடும். முயலுக்கும் வாய்வழியாக அவற்றைக் கொடுக்கக் கூடாது.

முறிந்த இடத்தில் இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ, முகம் வீங்கினாலோ வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். நாடி எச்சிலால் நனைந்தபடி இருந்தால் கோளாறு கடைவாயில் இருக்கலாம். அதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது.

விழாமல் மோதாமல் பல் முறிந்திருந்தால் உணவை யோசிக்க வேண்டும். மனிதரைப் போலவே கினிப்பன்றியாலும் விற்றமின் சி-யை உடலில் உண்டாக்க முடியாது. அது குறைந்தால் முரசு தளர்ந்து பற்கள் ஆடும். உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை தேவை. 100 கிராம் கொய்யாப்பழத்தில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் உண்டு. ஆகவே பெருவிரல் நுனியளவு துண்டே ஒரு நாளைக்குப் போதும். முயல் இதனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். கம்பி வலையைக் கடித்தும் பல் முறிவதுண்டு. கடிப்பதற்குக் கொய்யாக் கொப்பொன்றைக் கூட்டுக்குள் போட்டுவிடுங்கள்.

அந்தச் சிறுமியின் கினிப்பன்றிக்கு மூன்றாம் வாரத்தில் பல் சமமாக வந்துவிட்டது. அதுவரை நாளுக்கு நான்கு தடவை புல் நறுக்கியவர் தாய்தான் என்று பிறகு அறிந்தோம்.