துக்கத்தில் உப்பும் இதயம்

ஆக்டோபஸ் பிடிக்க ஜப்பான் மீனவர்கள் கடலுக்குள் ஜாடி இறக்குவார்கள். கழுத்து குறுகல், வயிறு உருண்டை. நம் கடலோரத்தில் பேய்க்கணவாய் என்பார்களே, அது பதுங்க இடம் தேடி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். அந்த ஜாடியின் பெயர் தாகோட்சுபோ. 1990-ல் ஹிகாரு சாட்டோ என்ற ஜப்பானிய மருத்துவரும் அவர் குழுவும் ஓர் இதய நோய்க்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஈசிஜியில் மாற்றம் என்று எல்லாம் மாரடைப்பு போலவே இருக்கும். ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தால், அதற்குக் காரணமான அடைப்பு இருக்காது. இடது கீழறையின் நுனி மட்டும் சுருங்க மறுத்து உப்பி நிற்கும். மேலே குறுகல், கீழே உருண்டை, அச்சு அசலாக அந்த ஜாடி. கணவரின் மரணம், விபத்து, பெரும் பயம் என ஏதோ ஓர் அதிர்ச்சியில் பொங்கிய அட்ரீனலின் இதயத் தசையை மரத்துப்போகச் செய்கிறது என்கிறார்கள் மருத்துவர்கள்.

பாதிக்கப்படுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலோர் மாதவிடாய் நின்றவர்கள். ஈஸ்ட்ரோஜன் தந்த பாதுகாப்பு குறைவதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆண்களுக்கு அபூர்வமாகத்தான் வரும். வந்தால் ஆபத்து அதிகம்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சுரப்பது ஒரே அட்ரீனலின்தான். உடல் அதை ஏற்கும் விதம் வேறு. இதைக் கவனிக்க ஏன் இத்தனை காலம் ஆயிற்று? ஆபத்து வந்தால் எதிர்த்து நில், இல்லையேல் ஓடு என்று உடல் தயாராவதை உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-ல் எழுதினார். அதையே எல்லோருக்கும் பொதுவாக்கிப் பாடமாகப் படித்தோம். 2000-ல் உளவியலாளர் ஷெல்லி டெய்லர் குழு பழைய ஆய்வுகளைப் புரட்டியபோது, 1995-க்கு முந்தைய மன அழுத்தச் சோதனைகளில் பெண்கள் சுமார் 17 சதவீதமே இருந்தது தெரிந்தது. மாதச் சுழற்சியால் ஹார்மோன் ஏறி இறங்கும், முடிவு குழம்பும் என்பது சொல்லப்பட்ட காரணம். பெண்ணின் உடலையே குழப்பம் என்று ஒதுக்கிவிட்டு, கிடைத்ததை மனித இயல்பு என்று எழுதிவைத்தது பெரிய அநியாயம். ஆபத்தில் பிள்ளையை அணைத்துக்கொள்வதும், துணைக்கு ஆள் தேடுவதும்கூட உடலின் தற்காப்புதான் என்றார் டெய்லர்.

சாவு வீட்டில் ஓர் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், 'அழுத களைப்பு' என்று சோடா கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். உரிய சிகிச்சை கிடைத்தால், சில வாரங்களில் பெரும்பாலோரின் இதயம் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.